எமனுக்கே வாரண்ட்

வீரவநல்லூர், ரெண்டாவது ஆட்டம்.
தரை டிக்கெட்டில் போன வாரம் அடிதடி,
அதனால் பந்தோபஸ்து:
நானும் செய்யது மசூதும்,
ரெண்டு லத்தி, ஒரே ஒரு விசில்.

கதவோரம் நின்றுதான் பார்க்கத் தொடங்கினோம்.
திரையிலும் ரெண்டு போலீஸ்.
ஒருத்தன் வாயே திறக்க மாட்டான்,
காலால்தான் பேசுவான்.
இன்னொருத்தன் வாயை மூடவே மாட்டான்,
குண்டு மழைக்கு நடுவில்
"அம்மா வச்ச மீன் கொழம்பு ஆறிப்போவுதுபா" என்கிறான்
சுத்தமான மெட்ராஸ் தமிழில்.
உதடு எப்போதோ நின்றுவிட்டது,
குரல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது
ரயில் போன பிறகும் அதிர்கிற தண்டவாளம்போல.

கமிஷனர் மேசையைக் குத்துகிறார்:
"இருபத்து நாலு மணி நேரம்!
இல்லாட்டி பேட்ஜைக் கழட்டி வை!"
எங்கள் இன்ஸ்பெக்டர் எங்களுக்கு
அவ்வளவு நேரமெல்லாம் தந்ததே இல்லை.
ஜீப்புக்கு டீசல் போட்டாச்சா என்பார், அதோடு சரி.

ஆறு தோட்டா துப்பாக்கி.
மசூது விரல் விட்டு எண்ணினான்.
நாற்பத்து மூன்றில் விட்டுவிட்டான்.
"ஒண்ணு குறைஞ்சா நமக்கு மெமோ.
இவன் யார்ட்டல கணக்குக் காட்டுவான்?"
கேட்டபோது அவன் முகத்தில் கோபம் இல்லை.
கல்யாண வீட்டு இலையைப் பார்க்கிற முகம்.

நடுரோட்டில் ரெண்டு பேர்
கண்ணாடிப் பலகை சுமந்து வருகிறார்கள்.
யார் வீட்டுக்கு, ஏன் சரியாக அந்நேரம்,
கேட்கக் கூடாது.
கார் வருகிறது. கொட்டகை மூச்சைப் பிடிக்கிறது.
கண்ணாடி
பச்சரிசியாய்ச் சிதற
எழுநூறு பேர் விசில்.
எங்கள் ஒரு விசிலும் சேர்ந்துதான் ஊதியது.
ஊதியது யார் என்று இன்றுவரை
இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு அந்த உதை.
கிளம்பிய கால் போய்ச் சேருவதற்குள்
ஒரு டீ குடித்து
கிளாஸைக் கழுவியும் வைத்துவிடலாம்.
வில்லன் பறக்கிறான்,
மூன்று சுவர், ஒரு கோழிக்கூண்டு,
முந்நூறு காலி அட்டைப்பெட்டி.
அந்தக் கிட்டங்கியில் ஒரு சரக்கும் கிடையாது,
விழுகிறவனுக்காகவே அடுக்கி வைத்த ஊர் அது.

இடைவேளை மணியோடு சைக்கிள் ஸ்டாண்டில் சத்தம்.
எவனோ வண்டிகளில் ட்யூப் விட்டு
பெட்ரோல் உறிஞ்சுகிறான்.
ஓடினோம்.
முறுக்கு வாங்க வந்த கூட்டமும் பின்னால் ஓடியது.
மதில் ஓரம் மசூது சொல்லாமலே குனிந்து
முதுகு கொடுத்தான், ஹெர்னியா பெல்ட்டோடு.
நானும் யோசிக்காமலே மிதித்து
எழும்பினேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம்
அட்டைப்பெட்டி எவனும் அடுக்கவில்லை.
சாணிக்குழி.

ஓடியவன் நின்றான். சிரித்தான்.
சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்தே போனான்.
கை கொடுத்து என்னைத் தூக்கியவனும் அவன்தான்,
பேர் பூதத்தான், ஊர் பத்தமடை,
வாயெல்லாம் பெட்ரோல் வாடை.
"அடிச்சுக்கோங்க சார், ஸ்டேஷனுக்கும் வாரேன்.
டிக்கெட் எடுத்திருக்கேன்.
கிளைமாக்ஸ் மட்டும்."

மசூது என்னைப் பார்த்தான்.
நான் கொட்டகையைப் பார்த்தேன்.

மூவரும் ஒரே பெஞ்சு, நடுவில் குற்றவாளி.
நாற்றத்தில் பக்கத்து ஆட்கள் எழுந்து போனதால்
காலை நீட்டிக்கொள்ளவும் இடம் கிடைத்தது.
உச்சி மாடியில் வாயாடி வழுக்குகிறான்.
ஊமையன் திரும்பிப் பார்க்காமலே
பின்னால் கையை நீட்டுகிறான்,
அந்தக் கையில் இந்தக் கை சரியாக வந்து

பூதத்தான் அழுதுகொண்டிருந்தான்.
"சவத்து மூதி, இதுக்குப் போயி"
என்ற மசூதின் குரலும்
அவன் உதட்டோடு சேரவில்லை.

கடைசியில் பேர் ஓடும்போது
தவறியதையெல்லாம் போட்டுக் காட்டினார்கள்:
ஊமையன் ஜன்னலில் முட்டி விழுகிறான்,
மூக்கில் ரத்தம், யாரோ பஞ்சோடு ஓடிவர,
எல்லோரும் சிரிக்க, அவனும் சிரித்து
மறுபடி ஏறுகிறான் அதே மாடி.
பாதிக் கூட்டம் கிளம்பிவிட்டது.
நாங்கள் திரை வெளுக்கும்வரை இருந்தோம்.

ஜெனரல் டைரியில் எழுதியது:
எதிரியைத் துரத்திப் பிடித்ததில்
காவலர் முப்புடாதிக்கு வலது கணுக்கால் பிசகல்.
மதிலுக்கும் குழிக்கும் நடுவே
ஒரு உதை நேரம் நான் ஆகாயத்தில் இருந்ததையும்
எழுதச் சொன்னான் மசூது.
சாட்சி கேட்பார்கள் என்றேன்.
"நான் இருக்கேம்லா" என்றான்
லாக்கப் கம்பிக்குள்ளிருந்து பூதத்தான்.